நல்ல காற்றுக்காகப் போனவர்கள்

மயிலாப்பூரை விட்டு ஏன் போனீர்கள் என்று யார் கேட்டாலும் என் அப்பா ஒரே பதில்தான் சொல்வார். "அங்கே நல்ல காத்து ஸார்!" சொல்லிவிட்டு மூச்சை ஒரு தடவை நன்றாக இழுத்தும் காட்டுவார். காற்றாவது, மண்ணாவது! நாங்கள் மயிலாப்பூரை விட்டது ஒரு கிழவர் தப்பான நட்சத்திரத்தில் செத்துப்போனதால். அது தப்பான நட்சத்திரம் என்று நாலு பேருக்கு நடுவில் நின்று சொன்னவரும் சாட்சாத் என் அப்பாதான்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம். எனக்குப் பதினாறு வயது. ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி வகுப்பு. மார்ச் மாதம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒரு பெண்ணும் அந்தப் பரீட்சை எழுதினதில்லை. என் அக்காவுக்கு நாலாம் பாரத்திலேயே ஜாதகம் பொருந்திவிட்டது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போனாள். எனக்கு மட்டும் ஏதோ ஒரு கிரகம் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மகராசனாக இருக்கட்டும் அந்தக் கிரகம்! பரீட்சையில் தேறினால் டீச்சர் டிரெயினிங், எழுதாமல் போனால் அடுப்படி. அப்பா வேறு வழி எதுவும் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் ஒண்டுக் குடித்தனம். முன்கட்டில் வீட்டுக்காரர். உள்ளே நாங்கள், ஒரு வக்கீல் குமாஸ்தா, புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி என்று மூன்று குடித்தனம். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஒரு கூடம். கூடத்தைத் தாண்டினால் கொல்லையில் ஒரே ஒரு குழாய். எங்கள் அறையிலிருந்து குழாய்க்குப் போக அந்தக் கூடத்தை விட்டால் வேறு வழி கிடையாது. காலையில் அந்தக் குழாயடியில் நடக்கும் சண்டையில்தான் அம்மாவின் பொழுது விடியும். என் அம்மா வாயில்லாப் பூச்சி. வரிசையில் முதலில் குடத்தை வைத்துவிட்டுக் கடைசியில் தண்ணீர் பிடிக்கிற ஜாதி.

வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் எங்களையெல்லாம் காலி செய்ய வேண்டியிருந்தது. பிள்ளைக்குக் கல்யாணம் பேசியிருந்தார். வீடு முழுக்க வேண்டும். ஆனால் யுத்தத்துக்குப் பிறகு வீடு கிடைக்காத காலம். குடியிருப்பவனை நினைத்தபடி விரட்டக் கூடாது என்று சர்க்காரே சட்டம் போட்டிருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். குழாயை மட்டும் சீக்கிரம் மூடிவிடுவார். நடைவழியில் எருமையைக் கட்டுவார். கேட்டால், "பாவம், அதுக்கு வெயில் ஆகலை" என்பார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எருமைக்கும் நாங்கள் பழகிவிட்டோம். அதைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சாங்கத்தில் இரண்டு கட்சி உண்டு. பழைய கணக்கையே வைத்துக்கொண்டு போடுவது வாக்கியம். வானத்தைப் பார்த்துத் திருத்திப் போடுவது திருக்கணிதம். ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது பிறக்கிற நேரம் இரண்டிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மயிலாப்பூரில் பாதிப் பேர் இது, பாதிப் பேர் அது. மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். என் அப்பாவால் விட முடியாது. அவர் சர்க்கார் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவர். திருக்கணிதத்தின் பரம பக்தர். வாக்கியக்காரர் யாராவது கண்ணில் பட்டுவிட்டால் போதும், கோவில் வாசலானாலும் சரி, கல்யாணப் பந்தலானாலும் சரி, "கிரகணம் எந்தப் பஞ்சாங்கப்படி ஸார் பிடிக்கறது?" என்று ஆரம்பித்துவிடுவார். வக்கீல் குமாஸ்தா மாமா வாக்கியக்காரர். இரண்டு பேரும் வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றதில் யாரும் ஜெயித்ததில்லை.

இந்த நிலையில் வீட்டுக்காரரின் மாமனார் படுத்த படுக்கையானார். நல்ல காற்று வேண்டும் என்று அவரைப் பொதுக் கூடத்தில் கொண்டுவந்து போட்டார்கள். நாங்கள் குடத்தோடு அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவோம். நல்ல கிழவர், பேச்சு போனபிறகும் என்னைக் கண்டால் சிரிப்பார். ஐப்பசியில் ஒரு நாள், பகல் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் அவர் போய்விட்டார்.

சாஸ்திரிகள் வந்தார். வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நட்சத்திரம் என்ன என்று கேட்டார். சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைப் பிரித்து, "திருவோணம். சாயங்காலம் வரைக்கும் இருக்கு. நல்ல சாவு, ஒரு தோஷமும் இல்லை" என்றார். அது வாக்கியப் பஞ்சாங்கம். வீட்டுக்காரரும் பிறந்ததிலிருந்து வாக்கியம்தான். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மெதுவாகத் திரும்பிக் கூடத்தின் மூலையில் கைகட்டி நின்றிருந்த என் அப்பாவைப் பார்த்தார்.

"நம்மாத்துலயே கணிதம் தெரிஞ்சவர் இருக்கச்சே, அவரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே. ஸார், உங்க பஞ்சாங்கம் என்ன சொல்றது?"

இத்தனை வருஷத்தில் ஒரு வாக்கியக்காரர் என் அப்பாவிடம் இப்படிக் கேட்டதேயில்லை! அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. துக்க வீடு என்பதால் சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார். குமாஸ்தா மாமா சாஸ்திரிகளின் பின்னால் நின்றுகொண்டு கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், கடைசியில் கையையே ஆட்டினார். அப்பா எதையும் பார்க்கவில்லை.

"திருவோணமாவது! அது காலம்பரயே போயிடுத்து. இப்போ நடக்கறது அவிட்டம். சந்தேகமே வேண்டாம்!" என்றார், கணீரென்று.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். அவிட்டம் தொடங்கி ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு பொல்லாத பெயர் உண்டு. அதில் உயிர் போனால், போன இடத்தை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். யாரும் புழங்கக் கூடாது. மீறினால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். உயிர் போன இடம் எங்கள் கூடம். கூடத்தைப் பூட்டினால் எங்களுக்குக் குழாய் இல்லை, குளிக்க இடமில்லை, கொல்லைப்புறம் இல்லை. வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு, "எனக்கென்ன ஸார், நான் வயசானவன். நீங்கள்ளாம் குழந்தை குட்டியோட இருக்கேள். தெரிஞ்சுண்டே நான் எப்படி உங்களை இங்கே இருக்கச் சொல்லுவேன்?" என்றார். அப்போதுதான் அப்பாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

காரியங்கள் முடிந்ததும் குமாஸ்தா மாமா நேராக வீட்டுக்காரரிடம் போனார். "நான் வாக்கியம். எனக்கு அன்னிக்குத் திருவோணம். கூடத்தைப் பூட்டறதுன்னா பூட்டுங்கோ, நாளைக்கே கோர்ட்டில் பார்க்கலாம்" என்றார். வீட்டுக்காரருக்குக் கோர்ட் என்றால் நடுக்கம். மாமாவுக்கும் அந்தத் தம்பதிக்கும் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். மாமா அதோடு நிற்கவில்லை, எங்களிடமும் வந்தார். "ஓய், வாக்கியப்படி திருவோணம்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடும். உமக்கும் அந்தக் கதவு உண்டு. பொண்ணுக்குப் பரீட்சை வர்றதேங்காணும்!"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சந்திரன் உம்மைக் கேட்டுண்டா நகர்றான்?"

அவ்வளவுதான், வீடு போய்விட்டது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஏன்னா, அந்த ஒரு வார்த்தை சொன்னா என்ன? பொண்ணு படிப்பு போயிடுமே" என்றாள். அம்மா இப்படி எதிர்த்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பரீட்சை அடுத்த வருஷமும் வரும். அவிட்டத்தைத் திருவோணம்னு நான் சொன்னா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?" நான் சாதத்தை அளைந்துகொண்டே அழுதேன். அந்தக் கிழவர் அரை நாள் முந்திச் செத்திருக்கக் கூடாதா என்றெல்லாம் தோன்றியது. பாவம், அவர் என்ன செய்வார்.

அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆதம்பாக்கத்தில் வீடு கட்டிவிட்டு, அக்கம்பக்கத்தில் மனித சஞ்சாரமே இல்லாமல் பயந்துகொண்டு கிடந்தார். பின்கட்டில் யாராவது குடிவந்தால் போதும் என்று காத்திருந்தவர். சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றினோம். வண்டிக்காரர் அம்மியைத் தூக்கி வைத்துவிட்டு அப்பாவைக் கேட்டார்:

"இன்னா ஐயிரே, மைலாப்பூர உட்டுட்டு ஆதம்பாக்கத்துக்கா போறே? அங்க இன்னா கீது?"

"நல்ல காத்து இருக்குப்பா" என்றார் அப்பா. அந்தப் பதில் பிறந்த நேரம் அதுதான்.

"காத்தா? அத்த துன்னுக்கினு கெட" என்றார் வண்டிக்காரர், எங்களுக்கும் கேட்கும்படி. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

காற்று இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதோடு பாம்பு இருந்தது, தேள் இருந்தது, பொழுது சாய்ந்தால் நரி ஊளையிட்டது. பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. பரங்கிமலை ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயிலில் மாம்பலம் போய், அங்கிருந்து பஸ்ஸில் மயிலாப்பூர் போக வேண்டும். அப்பாவும் அந்த ரயிலில்தான் போவார். ஆனால் அவர் மாம்பலத்தில் இறங்கினால் ஆபீஸுக்கு நேரமாகிவிடும். "வயசுப் பொண்ணு தனியா ரயில்லயும் பஸ்லயும் அலையறதாவது! ஆத்துல உக்காந்து படிக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து, "நான் கூடப் போறேன்" என்றாள்.

அப்பா சிரித்தார். "நீயா? நோக்கு ரயில்ல ஏறத் தெரியுமோ?"

"ஏறி உக்காந்தாப் போறும். மிச்சத்தை அது பாத்துக்கும்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து குழாயடி, கோவில், குளம் என்று இருந்தவள். தஞ்சாவூருக்குக்கூட அப்பா பின்னால் குனிந்த தலையோடு போய்வந்தவள். செவ்வாயும் புதனும் வடக்கே சூலமாயிற்றே, அந்தத் திசையில் பயணம் கூடாதே என்று அப்பா கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார். "நீங்க தினம் வடக்கேதானே ஆபீஸ் போறேள்? ஒரு வாய் பாலைக் குடிச்சுட்டுக் கிளம்பலையா? எங்களுக்கும் ஒரு வாய் பால் இருக்கு" என்றாள் அம்மா. அதற்குமேல் அப்பாவுக்குச் சாஸ்திரத்தில் இடமில்லை.

மறுநாளே கிளம்பினோம். விடிவதற்கு முன்னால் சமையலை முடித்து, அப்பாவுக்கு டப்பா கட்டி, எனக்குக் கட்டி, தனக்கும் ஒரு சின்ன டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொண்டாள். என்னைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போய், மறுபடி சாயங்காலம் வருவது நடக்கிற காரியமா? மணி அடிக்கும் வரை மயிலாப்பூரிலேயே இருப்பாள். என் படிப்புக்காக அம்மா இவ்வளவு பாடு படுகிறாளே என்றிருந்தது எனக்கு. ராத்திரி தூக்கம் வந்தால்கூட அதை நினைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டேன்.

பெண்கள் பெட்டி என்பது ஒரு தனி உலகம். அங்கேதான் எனக்கு ஒரு பெரிய உண்மை தெரிந்தது: நல்ல காற்றுக்காகப் பட்டணத்தை விட்டவர்கள் ஒருவர்கூடக் கிடையாது. ஆண்கள் பெட்டியில் எல்லோரும் காற்றுக்காகத்தான் வந்தார்கள். பெண்கள் பெட்டியில் காரணமே வேறு. பல்லாவரத்திலிருந்து வரும் ஒரு மாமியின் கணவர், தன் அண்ணனோடு பேச்சு முறிந்து, அந்த முகத்தில் விழிக்கக் கூடாது என்று வந்தவர். சாந்தோம் மாதா கோவில் பங்கில் பரம்பரையாக இருந்த ஒரு கிறிஸ்தவ டீச்சர், தம்பிக்குக் கல்யாணமானதும் வீட்டில் தனக்குப் படுக்க இடமில்லாமல் பரங்கிமலையில் சித்தி வீட்டோடு வந்துவிட்டவர். மயிலாப்பூரிலேயே ஒரு பள்ளியில் பாடம் நடத்தினார். பூக்கூடையோடு ஏறும் ஒரு அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காத்தாவது இன்னாவது! எங்க மாமியாக்காரி அங்க கீது, நான் இங்க கீறேன். அவ்ளோதான் சேதி" என்றாள். பெட்டியே சிரித்தது.

பத்து நாள் கழித்து அம்மாவும் சொன்னாள். வாயில்லாப் பூச்சி என்று சொன்னேனே, அவள்தான்! கிழவர், கட்டில், சாஸ்திரிகள், அப்பாவின் கணீர்க் குரல் என்று ஒன்றையும் விடாமல் நடித்தே காட்டினாள். "அவிட்டம்! சந்தேகமே வேண்டாம்!" என்று அப்பா மாதிரியே மோவாயைத் தூக்கினபோது டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சைதாப்பேட்டை வருவதே தெரியவில்லை. அன்றிலிருந்து பெட்டியில் அம்மாவுக்கு ஒரு இடம் போட்டுவைப்பார்கள். நாங்கள் ஒரு நாள் வண்டியைத் தவறவிட்டால் மறுநாள் விசாரணை நடக்கும்.

பகலெல்லாம் அம்மா எங்கே போவாள் என்று முதலில் எனக்குத் தெரியாது. சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ப்பாள். ஒரு நாள் பழைய வீட்டுக்குப் போய்க் குமாஸ்தா மாமியோடு உட்கார்ந்திருந்தாளாம். ஒரு நாள் ஏதோ ஒரு வீட்டு ஜன்னலடியில் பாட்டு வகுப்பு முடியும்வரை நின்றாளாம். ஒரு நாள் கடற்கரைக்கே போய்விட்டாள். "தனியாவா?" என்றேன். "பின்னே, கூட யாரு? கடலை வாங்கித் தின்னேன். வறுத்ததுதானே, தோஷமில்லை" என்றாள். புடவைக் கரையில் மணல் ஒட்டிக்கொண்டிருந்தது.

தை மாதம் வீட்டுக்காரர் பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தது. அந்தச் செய்தியையும் அம்மாதான் கொண்டுவந்தாள். ஆறு மாதம் பூட்டவேண்டிய கூடம் மூன்றாம் மாதமே திறந்து, வெள்ளையடித்து, அங்கேயேதான் நலங்கு. குமாஸ்தா மாமா கேட்டதற்கு வீட்டுக்காரர், "சாஸ்திரிகள் அன்னிக்கே திருவோணம்னுதானே சொன்னார்?" என்றாராம். எங்கள் அறையில் புது மருமகளின் பெட்டி படுக்கை. பெண்கள் பெட்டியில் இதற்கு நடந்த சிரிப்பில் பூக்கார அம்மாள் எல்லோருக்கும் ஆளுக்கொரு முழம் சும்மா கொடுத்தாள். அப்பாவிடம் இதைச் சொல்லவேண்டாம் என்றாள் அம்மா. "பாவம்டி, நொந்துபோயிடுவார்." நான் சொல்லவில்லை.

மாசி பிறந்ததும் ஒரு நாள் டீச்சர் அம்மாவிடம் சொன்னார்: "எதுக்கும்மா நீங்க தினம் அலையிறீங்க? நானும் அதே ரயில், அதே பஸ்தானே. பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல்ல விட்டுட்டுப் போறேன். சாயங்காலமும் நானே கூட்டிட்டு வந்துடுறேன். நீங்க வீட்டுல கொஞ்சம் படுங்க."

எனக்கு ஒரே சந்தோஷம். நல்ல யோசனை, அப்பாவும் டீச்சர் என்றால் ஒப்புக்கொள்வார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "வேண்டாம் டீச்சர். அவர் ஒத்துக்கமாட்டார்" என்றாள்.

அப்பாவிடம் அவள் அதைக் கேட்கவேயில்லை. பெண்ணை வேறொருவர் பொறுப்பில் விட மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவள்மேல் பாசம் இன்னும் கூடிற்று. எப்படியாவது தேறிவிட வேண்டும், இந்தப் புண்ணியவதியை இந்த அலைச்சலிலிருந்து விடுவித்துவிட வேண்டும் என்று வெறியோடு படித்தேன்.

பரீட்சை வந்தது. தினமும் பள்ளி வாசலில் நெற்றியில் விபூதி இட்டு உள்ளே அனுப்பினாள். கடைசி நாள் கணக்கு. எழுதிவிட்டு வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தனை கணக்கும் போட்டிருந்தேன். விடைகளைத் தோழிகளோடு ஒத்தும் பார்த்தாகிவிட்டது. மாம்பலம் ஸ்டேஷன் வரை பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தேன். அம்மா உம் கொட்டிக்கொண்டு வந்தாள். பிளாட்பாரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்ததும்தான் கேட்டாள்.

"ஏண்டி, ஒருவேளை கணக்குல போயிடுத்துன்னு வெச்சுக்கோ, மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு வரணுமோ?"

பயந்துபோய்க் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். "போகாதும்மா! அத்தனையும் சரியாப் போட்டிருக்கேன். பாஸ்தான். இனிமே நோக்கு இந்த அலைச்சலே இல்லை" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"சரி" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றத்தை நான் பார்த்ததேயில்லை. பிடித்திருந்த கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி வந்து நின்றது. எங்களுக்கு முந்தி ஏறிவிட்ட டீச்சர் பெண்கள் பெட்டியிலிருந்து தலையை நீட்டி, "வாங்கம்மா, இடம் போட்டிருக்கு" என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை; டீச்சருக்குக் கையை மட்டும் ஆட்டினாள்.

"அடுத்த வண்டில போலாம்டி" என்றாள்.